வளர்தலும் அடங்குதலும்

அறிவியலைத் தமிழில் எழுதப் புகுவோர்க்கு நேரும் இடர்களுள் தலையாயது பிறமொழிச் சொல்லுக்கு நேரான தமிழ்ச்சொல்லைக் காண்பது அன்று. கண்ட சொல் பொருளின் முழுமையைத் தாங்குகின்றதா எனத் தேர்வதே ஆகும். தமிழாசிரியரும் அறிவியலாசிரியரும் ஒருங்கே அமர்ந்து உரையாட வேண்டிய இடமும் அதுவே.

சில ஆண்டுகளுக்கு முன்னர், எம்முடன் பணியாற்றும் தாவரவியல் பேராசிரியர் ஒருவர், தமிழ்வழி பயிலும் மாணவர்க்கென எழுதிய சொற்பொழிவின் படியை எம்மிடம் தந்து, நடையைச் சீர்செய்து தருமாறு வேண்டினார். ‘தாவர வளர்ச்சி ஊக்கிகள்’ என்பது அதன் தலைப்பு. படித்துச் செல்கையில் எமக்கு ஓர் ஐயம் எழுந்தது. அவர் விளக்கியிருந்த ஐந்து பொருள்களுள் ஒன்று வளர்ச்சியைத் தடுப்பது. மற்றொன்று காயைக் கனியவைத்து, முதிர்ந்த இலையை உதிர்ப்பது. “தடுப்பதையும் உதிர்ப்பதையும் ஊக்கி என்பது எங்ஙனம் பொருந்தும்?” என வினவினோம். அவர் முறுவலித்து, “மூலச்சொல்லிலேயே அந்தக் குறை உண்டு ஐயா” என்றார்.

அவர் கூறியது உண்மையே. ‘ஹார்மோன்’ என்னும் சொல்லை 1905 ஆம் ஆண்டில் அறிவியல் வழக்கில் கொணர்ந்தவர் இங்கிலாந்து நாட்டு உடலியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங். எழுப்புதல், தூண்டுதல் என்னும் பொருளுடைய கிரேக்க வினைச்சொல்லினின்று அதனை அவர் அமைத்தார். விலங்குடலின் ஓரிடத்தில் சுரந்து வேறோரிடத்தில் வினைபுரியும் பொருளுக்கு இடப்பட்ட அப்பெயர், பின்னாளில் பயிர்களுக்கும் ஏறியது. ஆயின் பயிர்க்குள் ஓடும் இத்தூதுப் பொருள்களின் பணியில் தூண்டுதல் பாதியே. தடுத்து நிறுத்தல் மறுபாதி.

அன்றைய உரையாடலின் முடிவில் ‘தாவர வளர்ச்சிச் சீரியக்கிகள்’ என்னும் பெயரையே கொண்டோம். நம் பாடநூல்களிலும் இச்சொல் பயில்கின்றது. சீர் என்பது யாப்பில் அடியின் உறுப்பு. உலக வழக்கில் ஒழுங்கு. ‘சீர்தூக்குதல்’ என்னுமிடத்து எடை. ஓரடியில் எல்லாச் சீர்களும் நெடிலாகவே ஒலிப்பின் பாட்டு அமையாது. நெடிலும் குறிலும் தத்தம் இடத்தில் நிற்பதாலேயே ஓசை பிறக்கின்றது. பயிரின் வாழ்வும் அத்தகையதே என்பதை அப்பேராசிரியரின் கட்டுரை எமக்கு உணர்த்திற்று. தமிழ் பயிற்றும் யாம் அதன்பின் இப்பொருள் குறித்துத் தேடியும் கேட்டும் அறிந்தவற்றையும், அவை எம் வகுப்பறை குறித்து எழுப்பிய சில எண்ணங்களையும் இம்மலரின் வாசகர் முன் வைக்க விழைகின்றோம்.

அறிஞர் கண்ட தூதுப் பொருள்கள்

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவு வகையால் பகுத்தபோது, புல்லையும் மரத்தையும் உற்றறிவு ஒன்றே உடையனவாக வைத்தார். நின்ற இடத்தினின்று பெயர இயலாத உயிர்கள் அவை. வெயில் கடுத்தால் நிழலுக்கு ஒதுங்கவோ, வெள்ளம் சூழ்ந்தால் மேட்டுக்கு ஓடவோ அவற்றால் ஆகாது. எனவே, வருவதை உணர்ந்து தம் உடலையே மாற்றிக்கொள்ளும் வழியை அவை மேற்கொண்டன. நரம்பும் மூளையும் இல்லாத உடலுக்குள் செய்தி கொண்டுசெல்வனவே இச்சீரியக்கிகள்.

1880 இல் சார்லஸ் டார்வினும் அவர்தம் மகன் பிரான்சிசும், புல்லின் இளநாற்று ஒளியை நோக்கி வளைவதை ஆய்ந்தனர். நுனியை மூடினால் நாற்று வளையவில்லை. நுனி ஒளியை உணர, அதற்குக் கீழுள்ள பகுதி வளைகின்றது; ஆகவே நுனியினின்று ஏதோ ஒரு செய்தி இறங்குகின்றது என அவர்கள் உய்த்துணர்ந்தனர். அச்செய்தியைச் சுமந்த பொருளைக் கூழ்த்துண்டில் வாங்கிப் பிரித்துக் காட்டியவர் ஹாலந்து நாட்டு ஃபிரிட்ஸ் வென்ட். அவ்வாய்வு 1928 இல் வெளிவந்தது. ஆக்சின் எனப் பெயர்பெற்ற பொருள் அதுவே.

இரண்டாவது கதை நம் நெல்வயலுக்கு நெருக்கமானது. சப்பானில், நாற்று அளவுக்கு மீறி உயர்ந்து, வெளிறி, மணி பிடியாமல் சாயும் நோய் ஒன்று உண்டு. அந்நாட்டு உழவர் அதனை ‘பேதை நாற்று’ எனப் பொருள்படும் பெயரால் வழங்கினர். 1926 இல் தைவானில் பணியாற்றிய குரோசாவா, நோய்க்குக் காரணமான பூஞ்சை வெளியிடும் பொருளே நாற்றை இவ்வாறு நெடிதுயரச் செய்கின்றது எனக் காட்டினார். அப்பொருளே பின்னர் ஜிப்ரெலின் எனப்பட்டது. பயிர்களும் அதனை இயல்பாகவே ஆக்குகின்றன என்பது பிற்பாடு தெரியவந்தது. 1966 இல் வெளியாகி நம் வயல்களிலும் பரவிய ஐ.ஆர். 8 நெல்லின் குட்டைத்தன்மைக்கும் இதுவே திறவுகோல். அந்நெல்லில் ஜிப்ரெலின் ஆக்கத்துக்குரிய மரபணு ஒன்று குறையுடையது என 2002 இல் கண்டறிந்தனர். ஜிப்ரெலின் மிகுந்த நாற்று பேதையாயிற்று; அளவோடு குறைந்த நெல் தாளை நீட்டாமல் கதிரை நிறைத்தது; உரமிட்டாலும் சாயாமல் நின்றது.

எத்திலீன் என்பது வளி. 1901 இல் உருசிய மாணவர் நெல்ஜூபோவ், ஆய்வுக்கூடத்து விளக்கெரிவளியிலிருந்த எத்திலீனே பட்டாணி நாற்றுகளை முடக்கிற்று எனக் கண்டார். நம் ஊர் வாழைப்பழ வணிகர் அதன் பெயரை அறியாமலே அதனைக் கையாண்டனர். வாழைத்தார்களை அடுக்கி, புகையிட்டு மூட்டம் போட்டால் பழுத்துவிடும் என்பது தலைமுறைகள் கண்ட கைம்முறை. புகையில் எத்திலீன் உண்டு. பழுக்கத் தொடங்கிய காயும் தானே எத்திலீனை வெளியிட்டுத் தன் அருகிருக்கும் காயைப் பழுக்கவைக்கும்.

இவற்றையெல்லாம் விட எம் கருத்தை ஈர்த்தது ஸ்கூக், மில்லர் எனும் இருவரின் ஆய்வே. புகையிலைத் தண்டின் உட்சோற்றினை ஊட்டக்கூழில் வளர்த்த அவர்கள், ஆக்சினையும் சைட்டோகைனின் வகைப் பொருளையும் வெவ்வேறு விகிதத்தில் சேர்த்தனர். ஆக்சின் ஓங்கியபோது வேர் வந்தது. மற்றது ஓங்கியபோது தளிர் வந்தது. இரண்டும் இடைப்பட்ட விகிதத்தில் நின்றபோது வேருமின்றித் தளிருமின்றித் திசுத்திரளே பெருகிற்று. 1957 இல் அவர்கள் வெளியிட்ட இம்முடிவு உணர்த்துவது யாது? வேரை வருவிப்பது இன்ன பொருள், தளிரை வருவிப்பது இன்ன பொருள் என்று தனித்துச் சுட்ட இயலாது, விகிதமே ஆணையிடுகின்றது. அளவும் அவ்வாறே. பயறு வகைகளில் பூ உதிர்வதைக் குறைக்க, ஆக்சின் வகையைச் சார்ந்த நாப்தலீன் அசிட்டிக் அமிலத்தை லிட்டர் நீருக்கு 40 மில்லிகிராம் அளவில் தெளிக்க வேளாண் துறையினர் பரிந்துரைக்கின்றனர். அதே வகையைச் சார்ந்த 2,4-டி, அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் மருந்து. அளவிறந்து வளரத் தூண்டப்பட்டே அக்களை மடிகின்றது. ஊக்கமே நஞ்சாகும் இடமும் உண்டு என்பது இதனாற் பெறப்படும்.

மணிலாவும் திண்டிவனமும்

நிலக்கடலையை நம் பகுதியில் மணிலா என்பர். மணிலாக்கொட்டை மல்லாக்கொட்டையாகி, மல்லாட்டையாகத் தேய்ந்து வழங்குவதை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துச் சந்தைகளில் இன்றும் கேட்கலாம். தென் அமெரிக்காவில் தோன்றிய பயிர் பிலிப்பைன்சு நாட்டுத் தலைநகரின் பெயரைத் தாங்கித் தென்னாற்காட்டு மண்ணில் வேரூன்றியது சொல்லாராய்ச்சி செய்வார்க்கு ஒரு விருந்து. நம் திண்டிவனத்தின் பெயரும் அப்பயிரோடு ஒட்டிக்கொண்டது. இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்கள் ‘டி.எம்.வி.’ என்னும் எழுத்துகளைத் தாங்குகின்றன; அவ்வெழுத்துகளுள் ஒளிந்திருப்பது திண்டிவனமே. 1940 இல் வெளியான டி.எம்.வி. 2, குடியாத்தம் கொத்துக் கடலையினின்று தெரிந்தெடுத்த ரகம். ஆந்திரத்திலும் கருநாடகத்திலும் பல்லாண்டுகள் பரவி நின்றது.

எம் தந்தையார் திண்டிவனத்தில் மணிலாக் கொள்முதல் வணிகம் செய்தவர். அறுவடைக் காலத்தில் மண்டிக்கு வரும் உழவர்கள் முதலில் விலையைக் கேட்பதில்லை. வானத்தைப் பற்றியே பேசுவர். “மழை ஒரு வாரம் முந்திக்கிச்சுன்னா, கொட்டை மண்ணுக்குள்ளயே மொளச்சிடும் பாய்” என்று அவர்கள் கூறக் கேட்டு வளர்ந்தோம். மூட்டையினின்று ஒரு கையளவு காயை அள்ளி, உடைத்து, பருப்பின் மூக்கை விரலால் தடவிப் பார்ப்பது அத்தாவின் வழக்கம். முளை தலைநீட்டிய பருப்பு விதைக்கும் ஆகாது. எண்ணெய்க்கும் தரம் குறையும். நூறு நாட்களுக்கு மேல் உழைத்த குடும்பத்தின் கடன், திருமணம், பிள்ளைகளின் படிப்பு யாவும் அந்த ஒரு விரல் தடவலில் அடங்கி நின்றமையை இன்று எண்ணினும் நெஞ்சு கனக்கின்றது.

முதிர்ந்த விதை ஈரம் கண்டவுடன் முளைக்காமல் காத்திருப்பதை விதையுறக்கம் என்பர். இக்காவலுக்குத் தலைமை தாங்குவது அப்சிசிக் அமிலம் என்னும் சீரியக்கி. எத்திலீன் அதற்கு மாறாக, உறங்கும் கடலையை எழுப்புவது. இவ்விரண்டின் இழுபறியே, விதை இன்று முளைப்பதா, பின்னொரு நாள் முளைப்பதா என்பதை உறுதிசெய்கின்றது. கொடியாகப் படரும் கடலை ரகங்களில் இவ்வுறக்கம் நீண்டது. ஆதலின் அறுவடையான சில நாட்களிலேயே அவற்றை விதைக்க வேண்டின், எத்திலீனை வெளியிடும் எத்ரல் கரைசலால் எழுப்புவதுண்டு. கொத்து ரகங்களிலோ உறக்கம் மிகக் குறைவு. விரைந்து விளைவதும் பறிக்க எளிதாவதும் அவற்றின் சிறப்பு. ஆயின் அறுவடை நேரத்து மழையில் காவலின்றி நிற்பதும் அவையே. எனவேதான், முளைப்பை இரண்டு வாரமேனும் தள்ளிப்போடும் கொத்து ரகங்களைப் பயிர்ப்பெருக்க அறிஞர் நாடினர். அவர்கள் தேடியது வேகம் அன்று. அளவான ஒரு தாமதம்.

கடலையின் வாழ்வில் மற்றொரு தாமதமும் உண்டு. பூ மண்ணுக்கு மேலே மலர்ந்து கருவுறுகின்றது. பின் சூலகத்தின் அடியினின்று ஒரு விழுது நீண்டு, ஆக்சின் காட்டும் திசையில் நிலம் நோக்கி இறங்குகின்றது. அதன் நுனியில் இருக்கும் கரு ஒருசில பிளவுகளோடு வளர்ச்சியை நிறுத்திக்கொள்கின்றது. வெளிச்சத்தில் இருக்கும்வரை அது வளராது. விழுது மண்ணைத் துளைத்து இருளை அடைந்த பின்னரே சீரியக்கிகளின் விகிதம் மாற, கரு மீண்டும் வளர, காய் பருக்கின்றது. மண் எட்டாத விழுது காயாவதில்லை. நிலம் பொலபொலவென இருக்கவேண்டும் எனக் களைவெட்டி மண் அணைக்கும் உழவர், நின்றுபோன அக்கருவுக்கு இருளைக் கொண்டுசேர்க்கின்றனர் எனலாம்.

வறட்சியில் ஒரு கணக்கு

இனி, மழை பொய்த்த காலத்தைக் கருதுவோம். இலையின் அடியில் கண்ணுக்குப் புலனாகாத துளைகள் எண்ணற்றன உள. அவ்வழியேதான் கரியமில வாயு உட்புகுந்து உணவாகின்றது. அவ்வழியேதான் நீரும் ஆவியாகி வெளியேறுகின்றது. உணவு வரும் வாயிலும் நீர் போகும் வாயிலும் ஒன்றே. மண்ணில் ஈரம் குறைந்ததும் பயிர்க்குள் அப்சிசிக் அமிலம் பன்மடங்காகப் பெருகுகின்றது. துளையின் இருமருங்கும் உள்ள காப்புச் செல்களினின்று உப்பு அயனிகள் வெளியேற, நீரும் தொடர்ந்து வெளியேற, அவை தளர்ந்து துளை மூடிக்கொள்கின்றது. நீர் காக்கப்பட்டது, ஆயின் உணவாக்கமும் குறைந்தது. பயிர் பசியை ஏற்றுத் தாகத்தைத் தவிர்க்கின்றது. அப்போதும் எல்லா வளர்ச்சியும் ஒருங்கே நின்றுவிடுவதில்லை. மேலே தளிர் தளர்ந்திருக்க, கீழே வேர் ஈரத்தைத் தேடி ஆழத்திற்கு இறங்கிக்கொண்டே இருக்கும்.

இத்துணைக் காவல் புரியும் பொருளுக்கு இடப்பட்ட பெயரோ உதிர்தலைக் குறிப்பது. 1960களில் பருத்திக் காயின் உதிர்வை ஆய்ந்தபோது கண்ட பொருளாதலின், உதிர்வுக்கு இதுவே காரணம் எனக் கருதி அப்பெயரை இட்டனர். உதிர்வில் பெரும்பங்கு எத்திலீனுடையது எனப் பின்னர்த் தெளிவாயிற்று. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. காத்தவர்க்குக் கெடுத்தவர் என்னும் பெயர் வாய்ப்பது மனித வாழ்விலும் புதிதன்று.

வளர்ச்சியும் காவலும் எவ்வாறு ஒன்றையொன்று அறிகின்றன என்பதற்கு 2018 இல் வெளியான ஆய்வொன்று தெளிவான விடை தந்தது. உயிரணுவில் வளர்ச்சியை நடத்தும் டி.ஓ.ஆர். என்னும் நொதி ஒன்று உண்டு. நற்காலத்தில் அது, அப்சிசிக் அமிலத்தை ஏற்கும் புரதங்களின் மீது ஒரு பாஸ்பேட்டைப் பொருத்தி அவற்றைச் செயலிழக்கச் செய்கின்றது. ஆகவே காவலின் குரல் வளர்ச்சியைக் கலைப்பதில்லை. வறட்சி வந்து அவ்வமிலம் பெருகியதும் காவலுக்குரிய நொதிகள் விழித்து, டி.ஓ.ஆர். இன் செயலை அடக்குகின்றன, வளர்ச்சி நிற்கின்றது. இடர் நீங்கியதும் முன்னையது மீண்டும் ஓங்குகின்றது. இருவரும் ஒருவரையொருவர் அடக்க வல்லவர். ஒருவரும் மற்றவரை அழிப்பதில்லை. ஓயாது காவல் காக்கும் பயிர் குன்றிப்போகும். ஓயாது வளரும் பயிர் முதல் வறட்சியிலேயே மாயும்.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் ஒன்றையடுத்து ஒன்று நிற்றலை மாணவர் அறிவர். தன் ஆற்றலையும் உற்ற பொழுதையும் நின்ற இடத்தையும் எடைபோட்ட பின்னரே வினையில் இறங்குக என்பது அவற்றின் சாரம். பின்வாங்கும் ஆட்டுக்கடாவை வள்ளுவர் காலமறிதலில் உவமையாக வைத்ததும், அடங்குதலைத் தோல்வியென்று கொள்ளற்க என்பதற்கே. பயிர்க்கு மனம் இல்லை. நமக்கு அறம் கற்பிப்பதற்காக அது வளரவும் இல்லை. எனினும், அது நடத்தும் கணக்கைக் காணும்போது, அவ்வதிகாரங்களை வகுப்பில் நடத்துதல் எமக்கு எளிதாகின்றது.

வெள்ளத்தில் இரு விடைகள்

2024 ஆம் ஆண்டு நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை இம்மாவட்டத்தார் மறவார். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே உள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாத்தனூர் அணை திறக்கப்படத் தென்பெண்ணை கரைபுரண்டது. அரசூரில் நெடுஞ்சாலையே நீரில் மூழ்கிற்று. சம்பாப் பயிர் நின்ற வயல்கள் ஏரிபோல் காட்சியளித்தன. எம் மாணவர் பலரின் வீடுகளும் வயல்களும் அந்நீரில் கிடந்தன.

நெல் நீரில் நிற்கும் பயிரே. ஆயின் முழுதும் மூழ்கினால் மூச்சுத் திணறும். அந்நிலையில் பயிர் வெளியிடும் எத்திலீன் நீரினூடே விரைந்து வெளியேற இயலாமல் உடலுக்குள்ளேயே தேங்குகின்றது. மூழ்கிவிட்டோம் என்னும் செய்தி அதுவே. செய்தி கேட்ட சாதாரண நெல், ஜிப்ரெலின் தூண்ட, நீர்மட்டத்தை எட்டிவிடலாம் என இலையையும் தாளையும் நீட்டுகின்றது; சேமித்த மாவுச்சத்து தீர்ந்து, நீர் வடிந்ததும் துவண்டு சாய்கின்றது. ஒரிசாவின் பழைய வெள்ளந்தாங்கி நெல் ஒன்றோ அவ்வாறு செய்வதில்லை. அதே எத்திலீன் அந்நெல்லில் சப்-1ஏ என்னும் மரபணுவை எழுப்புகின்றது. அம்மரபணு ஜிப்ரெலினின் கையைக் கட்டிவிடுகின்றது. பயிர் நீருக்கடியில் வளராமல், இருப்பைச் செலவழிக்காமல் அடங்கிக் கிடந்து, ஏறத்தாழ இரு வாரம் கழித்து நீர் வடிந்ததும் புதுத்தளிர் விடுகின்றது. 2006 இல் அம்மரபணு அடையாளம் காணப்பட்டது. நம் உழவர் பொன்மணி என அறிந்த சி.ஆர். 1009 நெல்லிலும் அதனைச் சேர்த்துள்ளனர்.

இவ்வளவில் நிறுத்தினால், அடங்குதலே உயர்ந்தது என்னும் முடிவுக்கு வந்துவிடுவோம். இயற்கை அவ்வளவு எளிய பாடத்தைத் தருவதில்லை. வங்கதேசம் போன்ற ஆற்றுப்படுகைகளில் ஆழநீர் நெல் என ஒரு வகை உண்டு. அங்கு வெள்ளம் வாரக்கணக்கில் வடிவதில்லை, மாதக்கணக்கில் நிற்கும். அங்கே அடங்கிக் கிடக்கும் பயிர் அழுகியே போகும். ஆகவே ஆழநீர் நெல்லில், அதே எத்திலீன் வேறிரு மரபணுக்களை எழுப்ப, அவை ஜிப்ரெலினைப் பெருக்கித் தாளை நீட்டுகின்றன. ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேலும் நீண்டு, நீர்மட்டத்துக்கு மேல் இலையை நிறுத்திவிடும் ஆற்றல் அதற்கு உண்டு. 2009 இல் சப்பானிய அறிஞர் இம்மரபணுக்களைக் கண்டறிந்து, நீர்மூழ்குவோர் மூச்சுக்குழாயின் பெயரால் அழைத்தனர்.

செய்தி ஒன்றே, விடை இரண்டு. ஒன்று நில் என்றது; மற்றொன்று எழு என்றது. இரண்டும் சரியே, வெள்ளம் வெவ்வேறு. விரைந்து வடியும் நீரில் எழுவதும் கேடு. நெடிது நிற்கும் நீரில் அடங்குவதும் கேடு. இந்த ஓர் உண்மையே எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிற்று.

இரு மாணவர்

அவ்வெள்ளத்திற்குப் பின் கல்லூரி திறந்தபோது இரு மாணவர் எம்மை வந்து கண்டனர். முதலாமவர் ஆற்றங்கரைச் சிற்றூரினர்; தந்தையார் குத்தகை நிலத்தில் இட்ட சம்பா முழுதும் போயிற்று. கடன்காரர் வாயிலில் நின்றனர். “டி.சி. வாங்கிட்டுப் போயிடறேன் ஐயா, சென்னையில வேலை இருக்கு” என்றார். தாவரவியல் பேராசிரியரும் உடனிருந்தார். மாற்றுச் சான்றிதழைப் பெற வேண்டா. இடைநின்று மீளச் சேர்வதற்குரிய விண்ணப்பத்தைத் தருக. இன்ன மாதத்தில் திரும்புவேன் என்று நாளையும் குறித்துச் செல்க என இருவரும் எடுத்துரைத்தோம். அவர் சென்றார், கடையில் உழைத்தார், கடனில் ஒரு பகுதி தீர்ந்தது, அடுத்த கல்வியாண்டில் மீண்டும் வந்து அமர்ந்தார். கையிருப்பைக் காத்து, நாள் குறித்து அடங்கியமையால் அவருக்கு மீள இயன்றது.

இரண்டாமவர் ஒரு மாணவி. தம் குடும்பத்தில் பட்டப்படிப்பில் அடிவைத்த முதற்பெண். வீட்டுச்சுவர் இடிந்து, தந்தையாரின் சிறுகடையில் சரக்கெல்லாம் நனைந்து போயிருந்தன. “இந்த ஒரு வருஷம் புள்ள வீட்டுல இருக்கட்டும், நிலைமை சரியானதும் பார்த்துக்கலாம்” என்று பெரியத்தா கூறிவிட்டாராம். கூறியவர் கொடியவர் அல்லர். குடும்பத்தின் சுமையைக் கருதியே கூறினார். சொல்லளவில் அவர் கூறியதும் முன்னவருக்கு யாம் கூறியதும் ஒன்றே: ஓராண்டு நில். ஆயின் அம்மாணவி எம்மிடம் கேட்ட வினா வேறு: “ஒரு வருஷம் நின்னா, அப்புறம் என்னை யாரு ஐயா அனுப்புவாங்க?”

எம்மிடம் மறுமொழி இல்லை. ஏனெனில் அவர் கூறியது உண்மை. இளைஞர்க்கு வடியும் வெள்ளம் பெண்பிள்ளைக்கு வடிவதில்லை. ஓராண்டு என்பது அவருக்கு இடைவெளி அன்று, முடிவு. அந்நீரில் அடங்கியிருத்தல் தகாது. தலை நீர்மட்டத்துக்கு மேலே வரும்வரை எழுந்தே ஆகவேண்டும். எம் துறைப் பேராசிரியை ஒருவரும் யாமும் அவர் இல்லம் சென்று பெரியவர்களோடு அமர்ந்து பேசினோம். கட்டணத்துக்கு நண்பர் சிலர் துணைநின்றனர். நெடுநேரம் தரையைப் பார்த்தவாறு இருந்த பெரியத்தா, இறுதியில், “போகட்டும், ஆனா கடைசி வரைக்கும் படிக்கணும், பாதியில விட்டுட்டு வரக்கூடாது” என்றார். மாணவியும் தேர்வெழுதினார்; இன்று பட்டதாரி.

ஆசிரியப் பணியில் இருப்போர்க்கு ஒரே அறிவுரையை எல்லார்க்கும் வழங்கிவிடும் எளிமை உண்டு. ‘விடாமுயற்சி கொள்க’ என மேடையில் முழங்குவோம். ‘பொறுமை காக்க’ என அறையில் ஆறுதல் கூறுவோம். இரண்டும் நற்சொற்களே. ஆயின் எவருக்கு எது என்பதை அறிய, அவர் நிற்கும் நிலத்தையும் அவரைச் சூழ்ந்த நீரின் ஆழத்தையும் கேட்டறிதல் வேண்டும். மதிப்பெண் பட்டியல் அதனைக் காட்டாது. வருகைப் பதிவேடும் காட்டாது.

சமுதாயப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் துன்பம் வரும்போதெல்லாம் முதலில் நிறுத்தப்படுவது பெண்பிள்ளையின் படிப்பாக இருத்தல் ஆகாது. நிறுத்தித்தான் ஆகவேண்டும் எனில், மீளும் நாளைக் குறித்து, அதற்குப் பொறுப்பேற்பவர் இன்னார் என்பதையும் குறித்து நிறுத்துக. நாள் குறிக்காத காத்திருப்பை வெள்ளந்தாங்கி நெல்லும் தாங்குவதில்லை. இரு வாரத்தைக் கடந்தால் அதுவும் மடியும்.

மாணவச் செல்வங்களே! உங்கள் தோழர் நால்வர் ஓடுகின்றனர் என்பதற்காக ஓடவும் வேண்டா. நால்வர் நின்றுவிட்டனர் என்பதற்காக நிற்கவும் வேண்டா. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே பேருந்தில் செல்லும்போது, இரு மருங்கும் பசுமையாய் நிற்கும் மணிலாச் செடிகளைக் காண்பீர்கள். பூ மேலே தெரியும், காய் தெரியாது. மண்ணுக்குள் இறங்கிய விழுது எத்தனை, காயானவை எத்தனை என்பது செடியைப் பிடுங்கும் நாளில்தான் தெரியவரும்.